ஹங்கேரி மொழியும் கால்டுவெல்லின் ஊகமும்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தெற்கே, செம்மணல் தேரிகளைக் கடந்து சென்றால் இடையன்குடி வரும். 1841இல் அங்கு குடியேறிய ராபர்ட் கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழும் அதன் இனமொழிகளும் வடமொழியிலிருந்து பிறவாத தனிக் குடும்பம் என்று அந்நூல் நிறுவியதை மாணவர்கள் அறிவர். அதே நூலில் அவர் வாதிட்ட இன்னொரு கருத்து அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பின்னிஷ், ஹங்கேரி, துருக்கி முதலிய மொழிகளை அக்காலத்தார் 'சித்திய' மொழிகள் என்றனர். திராவிட மொழிகளுக்கு அவற்றோடு உறவு உண்டு என்பதே அக்கருத்து.

அவருக்கு அவ்வாறு தோன்றியதில் வியப்பில்லை. ஹங்கேரி மொழியில் 'ஹாஸ்' என்றால் வீடு. 'ஹாஸக்' வீடுகள், 'ஹாஸ்பன்' வீட்டில், 'ஹாஸக்பன்' வீடுகளில். பெயர், பன்மை விகுதி, வேற்றுமை உருபு என்று அப்படியே நம் வரிசை! 'ஹாரொம் ஹாஸ்' என்பது மூன்று வீடு. எண் வந்துவிட்டால் பன்மை விகுதி தேவையில்லை. நாமும் பேச்சில் 'மூணு வீடு' என்றுதானே சொல்கிறோம்? 'பேதெர் தனார்' என்றால் பேதெர் ஆசிரியர். இடையில் வினைச்சொல் வேண்டாம். 'எனக்கு ஒரு வீடு உண்டு' என்பதை 'நெகெம் வன் எஜ் ஹாஸம்' என்பர். 'நெகெம்' எனக்கு, 'வன்' உண்டு, 'எஜ்' ஒரு, 'ஹாஸம்' என் வீடு. ஆங்கிலம் படிக்கும் நம் மாணவர் இடறும் இந்த இடத்தில் ஹங்கேரி மொழி அவருக்கு எளிதாகவே இருக்கும்.

வேற்றுமைகளும் உண்டு. அவனுக்கும் அவளுக்கும் அங்கு ஒரே சொல்தான். உருபின் உயிரொலி சொல்லின் உயிரொலிக்கேற்ப மாறும்: 'ஹாஸ்பன்' வீட்டில், ஆனால் 'கெர்த்பென்' தோட்டத்தில். 'வீடு பார்த்தேன்', 'வீட்டைப் பார்த்தேன்' என்று நாம் பெயரில் காட்டும் நுட்பத்தை அவர்கள் வினையில் காட்டுகின்றனர். ஏதோ ஒரு வீட்டைக் காண்கிறேன் என்றால் 'லாதொக்'; குறிப்பிட்ட வீட்டைக் காண்கிறேன் என்றால் 'லாதொம்'.

இந்த அமைப்பு ஒற்றுமை உறவுக்குச் சான்றாகுமா? ஒரே நீளமுள்ள இரு ஊசல்கள் ஒரே கால அளவில் ஆடும். அதனால் இரண்டையும் ஒரே தச்சர் செய்தார் என்று சொல்ல முடியாது. துருக்கி மொழியிலும் 'எவ்லெர்தெ' என்றால் வீடுகளில்: எவ், லெர், தெ. ஆயினும் துருக்கியும் ஹங்கேரியும் இன்று வெவ்வேறு குடும்பங்களாகவே கொள்ளப்படுகின்றன.

உறவைக் காட்டுவது ஒலிகளின் ஒழுங்கான மாற்றம். தமிழில் செவி, சேரி. கன்னடத்தில் கிவி, கேரி. இவ்வாறே ஹங்கேரியில் 'ஹ' வரும் பல சொற்களில் பின்னிஷில் 'க' வருகிறது: மீன் 'ஹல்', 'கலா', மூன்று 'ஹாரொம்', 'கொல்மே'. நம் மீனும் மூன்றும் இந்த ஒழுங்கில் அடங்கவில்லை. கைக்கு ஹங்கேரியில் 'கேஸ்' என்பது போன்ற தனிச்சொற்களை மேடையில் அடுக்கலாம். கைதட்டல் கிடைக்கும், விதி கிடைக்காது.

இவ்வழியில் முன்னோடியாக நின்றவர்களுள் ஒருவர் வானியலறிஞர் என்பது எம்போன்ற பௌதிக ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சி. 1769இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண நார்வேயின் வடகோடியிலுள்ள வார்தோவுக்குச் சென்ற ஹங்கேரியர் யானோஷ் ஷாய்னோவிச், அப்பகுதிச் சாமி மக்களின் மொழியை ஆராய்ந்தார். அது தம் தாய்மொழிக்கு உறவு என்று 1770இல் நூல் வெளியிட்டார். கால்டுவெல்லின் சித்திய ஊகத்தை இன்று மொழியியலார் பொதுவாக ஏற்பதில்லை. ஹங்கேரிக்கு நெருங்கிய உறவினர் மேற்குச் சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பகுதியில் உள்ளனர். அங்கு மான்சி மொழியில் மீனுக்குப் பெயர் 'ஹூல்'.