பார்த்துக்கொண்டிருந்த மரம்

சில வருஷங்களுக்கு முன்பு புதுச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு, பார்வை மங்கிப்போன பாட்டிக்குப் பேத்தி கதை படித்துக் காட்டுவது அந்த வீட்டு வழக்கம். அன்றைக்கு அவள் எடுத்துக்கொண்டது வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’. இரண்டு பக்கம்கூட ஆகியிராது. பாட்டி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“போதும்டி கண்ணு. அந்தப் பொண்ணு குளத்திலேதான் போய் விழப்போறா.”

“முன்னாலேயே கேட்டிருக்கியா பாட்டி?”

“எங்கே கேட்டேன்? நீதான் கதையோட பேரைச் சொல்றப்பவே குளத்தைச் சொல்லிட்டியே!”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் படுக்கப் போனபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். முடிவு தெரிந்துவிட்டால் கதை செத்துவிட்டது என்றுதான் எங்கள் தொழிலில் பலர் நினைக்கிறோம். பாட்டிக்கோ முடிவு தெரிந்த பிறகுதான் கதை தாங்க முடியாததாகிவிட்டது. இது என்ன விந்தை?

ஐயர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது 1910-ல். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குப் போனவர், அங்கே சாவர்க்கரின் தோழராகி, பிரிட்டிஷ் போலீஸ் கையில் அகப்படாமல் மாறுவேஷத்தில் தப்பி வந்தார். 1920 வரை பிரெஞ்சுக் கொடியின் நிழலிலே வாசம். பாரதியார் 1908-லேயே வந்துவிட்டார்; அரவிந்தர் வந்ததும் 1910-ல்தான். கால்வாய்க்கு ஒரு பக்கம் வெள்ளைக்காரர் வீடுகள், மறுபக்கம் தமிழர் தெருக்கள். அந்தச் சின்ன ஊருக்குள் இவர்களைக் கண்காணிக்க பிரிட்டிஷ் சர்க்காரின் வேவுகாரர்கள் வேறு. யார் வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்று தெருவே கணக்கு வைத்திருந்த காலம்.

1912 வாக்கில் ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது மூடிய பாத்திரம் ஒன்று அகப்பட்டது. உள்ளே ராஜத்துரோகக் காகிதங்கள், அத்தனையும் ஜோடனை. சோதனைக்கு ஆள் வருமுன் தாங்களாகவே பிரெஞ்சு அதிகாரிகளிடம் சொல்லிவிட்டதால் தப்பித்தார்கள். அன்றாடம் தண்ணீர் எடுக்கும் இடத்திலேயே ஒரு குடும்பத்தின் நாசம் சத்தமில்லாமல் கிடக்கலாம் என்பதை ஐயர் சொந்த வீட்டிலேயே கண்டவர். அதிலிருந்துதான் கதை பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஓயாமல் பார்க்கப்பட்டுக்கொண்டிருந்த மனிதர் ஒருவர், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மரத்தைக் கொண்டு கதை சொல்ல வைத்தார் என்பதை மறக்கவும் முடியவில்லை.

கதை 1915-ல் ‘விவேகபோதினி’யில், அவருடைய மனைவி பாக்கியலக்ஷ்மி அம்மாளின் பெயரில் வெளிவந்தது. தமிழின் முதல் சிறுகதை இதுவா, பாரதியாரின் ‘ஆறில் ஒரு பங்கு’தானா என்ற வழக்கைப் பண்டிதர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அது சொல்லும் விஷயம் மிகச் சாதாரணமானது. காமேசுவரையர் மகள் ருக்மிணி, செல்வச் சிறுமி, நாகராஜனுக்கு வாழ்க்கைப்பட்டவள். தகப்பனார் பணமெல்லாம் போனதும் புக்ககத்தாரின் முகம் மாறுகிறது. மகனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். நாகராஜன் நல்லவன். முகூர்த்த வேளை வரை சம்மதித்தவன்போல நடித்துக் கடைசி நிமிஷத்தில் பெற்றோருக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்பது அவன் திட்டம். அதைச் சிநேகிதனிடம் சொல்கிறான். பெண்டாட்டியிடம் விளக்கிச் சொல்லவில்லை. அவள் குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள்.

இனி ஐயர் விதைத்து வைத்திருக்கும் குறிகளைப் பாருங்கள். அரசமரம் எப்படிப்பட்ட மரம்? அமாவாசையும் திங்கட்கிழமையும் சேர்ந்து வந்தால் சுமங்கலிகள் சுற்றி வந்து மாங்கல்யத்துக்கும் மகப்பேற்றுக்கும் வேண்டிக்கொள்ளும் மரம். ஒரு பெண்ணின் மாங்கல்யம் அர்த்தமற்றுப் போவதற்கு அந்த மரமே சாட்சியாகிறது. ருக்மிணி என்ற பெயர் எப்படி? புராணத்து ருக்மிணிக்கு முகூர்த்த நாளில் கண்ணன் ரதத்தோடு வந்து சேர்ந்தான்; இந்த ருக்மிணியின் கண்ணனுக்கும் முகூர்த்த வேளையில் ஒரு பெரிய நாடகம் நடத்தும் ஆசை, ஆனால் அவள் அதுவரை காத்திருக்கவில்லை. பெயரை ஐயர் அப்படி நினைத்துத்தான் வைத்தாரோ என்னவோ, எனக்கு அப்படித்தான் படுகிறது.

எல்லாவற்றிலும் பயங்கரமான குறி அர்பத்நாட் கம்பெனி. காமேசுவரையரின் பணம் போனது அதிலேதான். இது கற்பனைக் கம்பெனி அல்ல. 1906 அக்டோபர் 22-ந் தேதி சென்னையில் நிஜமாகவே கதவைச் சாத்தியது. அதன் முதலாளி ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். பட்ட காயத்தின் பலனாகத்தான் 1907-ல் இந்தியன் பாங்க் பிறந்தது. இவை சரித்திரப் புஸ்தகத்தில் இருக்கின்றன. எங்கோ ஒரு கிராமத்தில், குளத்துப் படியில் தனியாக நின்ற ஒரு பெண்ணுக்கு அதனால் என்ன நேர்ந்தது என்பது அதில் இல்லை. அதை எழுத ஒரு கதைக்காரர் வேண்டியிருந்தது.

வரப்போவதை முன்கூட்டியே காட்டுவது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கெட்ட கனாக் காண்கிறாள், கோவலனும் காண்கிறான், மதுரைக் கோட்டைக் கொடிகள் ‘வராதே’ என்று மறித்துக் கைகாட்டுகின்றன. அவை ஊழ் அனுப்பும் நிமித்தங்கள். மனிதன் அவற்றுக்கு என்ன செய்ய முடியும்? ஐயரின் குறிகள் ஊழிலிருந்து வரவில்லை. மாமியாரின் முகத்திலிருந்து வருகின்றன. கணவனின் மௌனத்திலிருந்து வருகின்றன. புத்தி உள்ள எவரும் படித்திருக்கக்கூடிய குறிகள் அவை.

தாகூர் 1884-ல் எழுதிய ‘காட்டேர் கதா’வில் கங்கைப் படித்துறை பேசுகிறது, அங்கேயும் ஒரு பெண் நீரில் இறங்கி மறைகிறாள். ஐயர் கதையின் உருவம் அதிலிருந்து கிடைத்தது என்று விமரிசகர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாகராஜனின் ரகசியத்தை மரம் கேட்டுக்கொண்டிருந்ததே, அந்தக் கொடுமை ஐயருடையது. மரத்துக்குத் தெரியும், சிநேகிதனுக்குத் தெரியும், வாசகர்களான நமக்கும் தெரியும். தெரிய வேண்டிய ஒருத்திக்கு மட்டும் தெரியாது.

அமெரிக்காவில் 1948-ல் ஷெர்லி ஜாக்ஸன் என்ற அம்மாள் ‘தி லாட்டரி’ என்று ஒரு கதை எழுதினார். சின்ன ஊர், வெயில் காயும் காலை, கதை தொடங்கிய உடனே பையன்கள் கூழாங்கற்களைப் பொறுக்கிச் சட்டைப்பையில் நிரப்புகிறார்கள். நாம் விளையாட்டென்று நினைக்கிறோம். சீட்டு விழுந்தவளை ஊரே சேர்ந்து அடிப்பதற்கான கல் அது என்று முடிவில் தெரிகிறது. அதை வெளியிட்ட ‘நியூயார்க்கர்’ பத்திரிகைக்கு நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. கோபமும் திகைப்பும்தான் மிகுதி. ஏன் அவ்வளவு கோபம்? கல்லை நாமும் முதலிலேயே பார்த்திருந்தோம். பார்த்தும் சும்மா இருந்தோம்.

இப்படிப்பட்ட கதைகளில் முன்குறி என்பது வாசகனை ஏமாற்றும் வித்தை அல்ல என்று இதனால்தான் நினைக்கிறேன். அது ஒரு குற்றச்சாட்டு. கதையின் இரண்டாம் பக்கத்திலேயே கண் தெரியாத கிழவி ஒருத்தியால் கண்டுகொள்ள முடிந்ததை, பக்கத்திலேயே இருந்த ஊரால் ஏன் கண்டுகொள்ள முடியவில்லை?

கடைசியாக ஒன்று. 1925 ஜூனில் ஐயர் தம் சேரன்மாதேவி குருகுலத்துப் பிள்ளைகளோடு பாபநாசம் அருவிக்குப் போனார். அந்தக் குருகுலத்தின் சாப்பாட்டுப் பந்தியைப் பற்றிய சண்டை அப்போது நாடெங்கும் எரிந்துகொண்டிருந்தது. அருவியில் அவர் மகள் சுபத்திரை நீரில் விழுந்தாள். காப்பாற்றக் குதித்த தகப்பனாரும் திரும்பவில்லை. தண்ணீரில் போன பெண்ணைப் பற்றி எழுதியவர், தண்ணீரில் போன பெண்ணின் பின்னாலேயே போய்விட்டார். அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கதையில் குறியை வைப்பவர் ஆசிரியர். வாழ்க்கையில் போனவர்கள் போன பிறகு, துக்கம் தாங்காமல் நாம்தான் பின்னோக்கிப் போய்க் குறிகளை நட்டுவிட்டு வருகிறோம். ருக்மிணியை ஊர் காப்பாற்றியிருக்கலாம். சுபத்திரையைக் காப்பாற்றத் தகப்பன் குதித்தே பார்த்தார். இரண்டையும் ஒன்றாக்குவது இருவருக்குமே அநியாயம்.

மறுநாள் காலையில் பாட்டியிடம் விடைபெறப் போனேன். “ராத்திரி பாதியிலே நிறுத்திட்டீங்களே, முடிவைச் சொல்லட்டுமா?” என்றேன்.

“முடிவு தெரிஞ்சதுதானே தம்பி?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “மரத்துக்கு வாய் இல்லை, சரி. அந்த ஊர்லே வேறே யாருக்குமா இல்லாமே போச்சு?” என்று கேட்டாள்.