மைசூர் பேங்க் யாருடையது?

ஒக்கலிபுரத்திலிருந்து மெஜஸ்டிக்கைத் தாண்டி கெம்பேகவுடா ரோட்டில் போனால் வருகிற நாற்சந்தியை இன்றைக்கும் எல்லோரும் மைசூர் பேங்க் சர்க்கிள் என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயர்கொண்ட பேங்க் 2017 ஏப்ரல் 1 முதல் இல்லை. பெங்களூரிலேயே பிறந்த வைசியா பேங்க் அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2015 ஏப்ரல் 1 அன்று, கோட்டக் மஹிந்திராவில் கரைந்துபோனது. இவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஊர்க்காரர்கள் கட்டி வளர்த்ததை டெல்லியும் மும்பையும் பிடுங்கிக்கொண்டன என்ற ஆதங்கம் கூடவே வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. இந்த இரண்டு பேங்குகளுக்கும் ஊர் கொடுத்தது முக்கியமாக நம்பிக்கை. ஒன்றுக்கு அரசரின் பெயரால் வந்த நம்பிக்கை, மற்றதற்குச் சாதியின் பெயரால் வந்த நம்பிக்கை. ஆனால் சொத்துரிமை என்பது அடுத்த சுற்று மூலதனத்தை யார் போடுகிறார்களோ அவர்கள் பின்னால்தான் போனது.

1913-ஐ எடுத்துக்கொள்வோம். அதற்கு ஏழு வருஷம் முன்பு சென்னையில் அர்பத்நாட் கம்பெனி விழுந்து, பென்ஷன்காரர்கள் உட்படப் பலருடைய சேமிப்பை அழித்திருந்தது. அந்த அதிர்ச்சியில்தான் 1907-இல் இந்தியன் பேங்க் பிறந்தது. 1913 செப்டம்பரில் லாகூரின் பீப்பிள்ஸ் பேங்க் கதவை மூடியது. அதைத் தொடர்ந்து நாடு முழுக்கச் சின்னதும் பெரியதுமாகப் பேங்குகள் சரிந்தன. அந்தச் சரிவு தொடங்கிய சில நாட்களிலேயே, அக்டோபர் 2 அன்று, பேங்க் ஆஃப் மைசூர் தொடங்கியது. எல்லோருமே பேங்கை நம்பத் தயங்கிய நேரத்தில் அது நின்றதென்றால், நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அரசாங்கம் பின்னால் இருந்ததுதான் காரணம். திட்டம் வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அன்றைய திவான் எம்.விஸ்வேஸ்வரய்யா. கன்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரர்களுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் கடன் கிடைத்துவந்தது. பேட்டையில் பட்டு, பருத்தி, தானியம் விற்றவருக்கு வட்டிக்கடைதான் கதி. இந்தக் குறையைத் தீர்க்க அரசே முன்னின்றது. பிரிட்டிஷ் பேங்குகள் கண்டுகொள்ளாத ஆப்பிரிக்க வியாபாரிகளுக்காக 1953-இல் பேங்க் ஆஃப் கோல்ட் கோஸ்ட் தொடங்கப்பட்டதும், அதுவே பிறகு கானா கமர்ஷியல் பேங்க் ஆனதும் ஏறக்குறைய இதே கதைதான்.

அரசரின் நிழலில் வளர்ந்த பேங்குக்கு ஒரு சிக்கல் உண்டு. அரசர் போய்விட்டால் நிழலும் போய்விடும். சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1954-இல் வெளிவந்த கிராமக் கடன் ஆய்வறிக்கை, சமஸ்தான பேங்குகளையும் இம்பீரியல் பேங்கையும் சேர்த்து ஒரே பெரிய அரசு பேங்காக்கச் சொன்னது. 1955-இல் ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா வந்தது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மறு வருஷமே பேங்க் ஆஃப் மைசூர் அதன் துணை பேங்காகி, ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் ஆனது. 2017-இல் இணைப்பு நடந்தபோது 90 சதவீதப் பங்கு ஸ்டேட் பேங்கிடமே இருந்தது. வெளியே இருந்தவர்களுக்குப் பத்துப் பங்குக்கு ஸ்டேட் பேங்கின் 22 பங்கு கிடைத்தது. ஆகவே 2017 கைமாறிய வருஷமல்ல, பலகை மாறிய வருஷம்தான். அதே இணைப்பில் சேர்ந்த ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூரைக் காப்பாற்ற கேரளச் சட்டமன்றம் தீர்மானமே போட்டுப் பார்த்தது. அதனால் எதுவும் நிற்கவில்லை. தீர்மானம் போட வேண்டிய காலம் 1959-தான், அன்று அதைப் போடுகிற மனநிலையில் யாரும் இல்லை.

அரசு விஷயத்தில் டெல்லி நினைத்தது நடந்தது, அதை வைத்து மூலதனத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் வைசியா பேங்க் முக்கியமான சாட்சி. 1930-இல் வைசிய வணிகர்கள் தொடங்கிய அந்தப் பேங்கை 1969, 1980 இரண்டு தேசியமயமாக்கலும் தொடவில்லை. டெல்லி அதை எடுக்கவே இல்லை. 1990-களில் பெல்ஜியத்தின் பேங்க் பிரசெல்ஸ் லாம்பெர்ட் அதில் பங்கு வாங்கியது. அந்த பெல்ஜியப் பேங்கை 1998-இல் நெதர்லாந்தின் ஐஎன்ஜி வாங்கியதால், வைசியா பங்கும் கூடவே போனது. இன்னொரு பெரிய பங்கு ஜி.எம்.ராவின் ஜிஎம்ஆர் குழுமத்திடம் இருந்தது. அவர் பிறந்ததும் வைசிய வணிகக் குடும்பத்தில்தான். 2002-இல் அந்தப் பங்கை ஐஎன்ஜிக்கு விற்றுவிட்டு அவர் கட்டுமானத் தொழில் பக்கம் போனார். சமூகத்திடம் பணம் இல்லாமலில்லை, வேறு தொழிலில் அதற்கு அதிக லாபம் தெரிந்தது. பெயரும் ஐஎன்ஜி வைசியா ஆனது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனை சதவீதப் பங்கு வைத்திருந்தாலும் 10 சதவீதத்துக்கு மேல் ஓட்டுரிமை கிடையாது என்ற விதி அன்று இருந்தது. ஏறத்தாழ 44 சதவீதம் வைத்திருந்த ஐஎன்ஜிக்கும் அதே கதிதான். 2008 நெருக்கடியில் நெதர்லாந்து அரசிடம் 1,000 கோடி யூரோ வாங்கிப் பிழைத்த ஐஎன்ஜி, அதன்பின் பல நாடுகளில் தொழிலைச் சுருக்கிக்கொண்டது. கடைசியில் ஐஎன்ஜி வைசியாவின் 1,000 பங்குக்கு கோட்டக்கின் 725 பங்கு என்று கணக்கு முடிந்தது.

தூத்துக்குடியைக் காட்டி எதிர்வாதம் வைப்பார்கள். 1921-இல் நாடார் பேங்க் என்று தொடங்கி, 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் என்று பெயர் மாறிய அது இன்றும் தனியாக நிற்கிறதே, சமூகம் நினைத்தால் காப்பாற்ற முடிகிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் எப்படி முடிந்தது என்றும் பார்க்க வேண்டும். 1990-களில் அதன் பெரும்பங்கு எஸ்ஸார் குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. சமூகத்தார் கிளர்ந்தெழுந்தார்கள், வழக்காடினார்கள், அதோடு நில்லாமல் பங்குகளை மீட்கப் பணமும் திரட்டினார்கள். அந்தப் பணம் இல்லாமல் கிளர்ச்சி மட்டும் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான். 2022-இல் அதுவும் பங்குச் சந்தைக்கு வந்து பொதுமக்களிடம் மூலதனம் கேட்டது.

கடலோரக் கர்நாடகத்தில் பிறந்து பெங்களூருக்குக் குடிவந்த பேங்குகளின் கணக்கும் இதிலிருந்து அதிகம் விலகவில்லை. 1931-இல் மங்களூரில் ஏ.பி.ஷெட்டி தொடங்கிய விஜயா பேங்க் 1980-இல் அரசுடைமையானது, 2019-இல் பேங்க் ஆஃப் பரோடாவில் சேர்ந்தது. அம்மெம்பல் சுப்பராவ் பை 1906-இல் தொடங்கிய கனரா பேங்க் மட்டும் ஜே.சி. ரோட்டில் தலைமையகத்தோடு இருக்கிறது. பெரும்பங்கு மத்திய அரசுடையது. 2020-இல் மணிப்பாலின் சிண்டிகேட் பேங்கைச் சேர்த்துக்கொண்டதும் அதே கனராதான். அன்று மணிப்பாலில் எழுந்த ஆதங்கத்தை பெங்களூரில் அவ்வளவாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.