இரு வட்டங்களும் ஒரு குடும்பமும்

ஜோன் வென் என்னும் ஆங்கில அறிஞர் 1880ஆம் ஆண்டில் வெளியிட்ட வரிப்படம் பாடசாலைக் கணிதத்துக்கு மட்டும் உரியதன்று. மலையக வரலாற்றுக்கும் ஒளி தரவல்லது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகிய மக்களை, அவர்களைக் கலந்தாலோசியாமலே, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கிட்டது. மொத்தம் 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000 (53.8 சதவீதம்), இலங்கைக்கு 300,000 (30.8 சதவீதம்). எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இறுதி விகிதம் 61.5க்கு 38.5, கூட்டினால் நூறு. ஆட்களை எண்ணுங்கால் இரு வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை.

பதுளை முதலாய ஊவாத் தோட்டங்களின் லயங்களிலோ மக்கள் குடும்பமாகவே வாழ்ந்தனர். உதாரணத்திற்கு நூறு குடும்பங்களைக் கொள்வோம். அறுபதில் ஒருவரேனும் இந்தியப் பிரசாவுரிமையும், ஐம்பத்தைந்தில் ஒருவரேனும் இலங்கைப் பிரசாவுரிமையும் பெற்றனர். ஒன்றும் பெறாத குடும்பம் இல்லை எனின், கூட்டுத்தொகை 115. நூறை விஞ்சிய அப்பதினைந்தே வட்டங்களின் இடைவெட்டு. அவையே பிளவுண்ட குடும்பங்கள்.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்க வழிசெய்தது. ஆயினும், தலைமன்னாரிற் கப்பலேறிய தமையனையும் ஊவாவிற் கொழுந்தெடுத்த தங்கையையும் அது மீண்டும் ஒரே லயத்திற் சேர்க்கவில்லை. ஒப்பந்தம் எண்ணாது விட்டது அந்த இடைவெட்டையே.