மயக்க ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி: பன்றிக்கறி சொன்ன வரலாறு

போன மாசம் விழுப்புரத்துல எங்க அம்மாவுக்கு ஒரு சின்ன ஆபரேஷன். முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து கேட்டார்: "உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து கொடுத்து ஏதாவது பிரச்சினை ஆகியிருக்கா?" அம்மா "அதெல்லாம் இல்லைங்க"ன்னுட்டாங்க. எனக்குத்தான் தூக்கம் வரலை. எதுக்கு இந்தக் கேள்வின்னு தேடினேன். தேடல் போய் நின்ன இடம் பன்றிக்கறி!

1960, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம். கால் உடைந்து வந்த 21 வயது இளைஞர், உடைந்த காலைவிட மயக்க மருந்துக்குத்தான் அதிகம் பயந்தார். காரணம், அவருடைய சொந்தக்காரர்கள் 10 பேர் மயக்க மருந்துக்குப் பிறகு இறந்திருந்தார்கள். அவருக்கும் ஆபத்து வந்தது, எப்படியோ பிழைத்துக்கொண்டார். இது பரம்பரையாக வரும் கோளாறு என்று மைக்கேல் டென்பரோ என்ற மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தவரும் எழுதினார்கள்.

அதே காலத்தில் ஐரோப்பியப் பன்றிப் பண்ணைகளில் வேறொரு தலைவலி. சமையலுக்குத் தாவர எண்ணெய் வந்த பிறகு பன்றிக் கொழுப்பை வாங்க ஆளில்லை. கொழுப்பு கம்மியா, சதை நிறைய இருக்கிற பன்றியையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். பெல்ஜியத்தின் பியட்ரேன் இனம் இதற்கு நல்ல உதாரணம். ஆனால் இந்தப் பன்றிகளில் சில, லாரியில் ஏற்றினாலே பதறிப்போய்ச் செத்தன. வெட்டினால் கறி வெளுத்து, தொளதொளன்னு, தண்ணி கசிஞ்சு கிடந்தது.

1966-இல் பிரிட்டனில் ஆராய்ச்சிக்காகப் பன்றிகளுக்கு மயக்க மருந்து கொடுத்தபோது, மெல்போர்ன் குடும்பத்தில் பார்த்த அதே விபரீதம்: உடம்பு விறைத்து, சூடு ஏறியது. பண்ணைப் பிரச்சினையும் ஆஸ்பத்திரிப் பிரச்சினையும் இங்கேதான் சந்தித்தன. 1975-இல் தென்னாப்பிரிக்காவின் கெய்ஸ்ஃபோர்டு ஹாரிசன், டான்ட்ரோலீன் என்ற மருந்து இந்தப் பன்றிகளைக் காப்பாற்றுவதைக் காட்டினார். இன்றைக்கு மனிதர்களுக்கும் அதே மருந்துதான்.

காரணம் கிடைத்தது 1991-இல். கனடாவின் டொரண்டோவில் டேவிட் மெக்லெனன் குழு ஆர்ஒய்ஆர்1 என்ற மரபணுவை வரி வரியாகப் படித்தது. 1843-வது இடத்தில் 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. ஒரே ஓர் எழுத்து! என்னை மாதிரி கோட் எழுதுறவங்களுக்கு இந்த வலி புரியும்.

இந்த மரபணு தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் ஒரு கதவை உருவாக்குகிறது. எழுத்து மாறினால் கதவு சரியாக மூடாது. கால்சியம் கொட்டும், தசை ஓயாமல் வேலை செய்யும், சூடும் அமிலமும் கூடும். சாதாரணமாக, வெட்டிய கறியின் பிஎச் அளவு 7-இல் இருந்து மெதுவாக 5.6 பக்கம் இறங்கும். இங்கே முக்கால் மணி நேரத்துக்குள்ளேயே 6-க்குக் கீழே போய்விடும். உடல் இன்னும் சூடாக இருக்கும்போதே அமிலம் ஏறுவதால் புரதம் கெட்டு, தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிடுகிறது.

லேண்ட்ரேஸ், யார்க்‌ஷயர், பியட்ரேன் உட்பட ஐந்து இனங்களில் இதே பிழை இருந்தது. எல்லாம் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் என்பது அந்தக் குழுவின் கணிப்பு. பிழையை யாரும் வேணும்னு தேர்ந்தெடுக்கலை. அந்த எழுத்து சதையையும் கூட்டியது. சதைக்காகத் தேர்ந்தெடுத்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. 2000-இல் ஹாம்ப்‌ஷயர் இனத்தில் இன்னொரு மரபணு சிக்கியது. அங்கே தசையில் சேமிப்புச் சர்க்கரை அதிகம், அதனால் கறி கடைசியில் கூடுதலாகப் புளிக்கிறது. ஆக, இனத்துக்கு இனம் கதை வேறு.

இதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்? விழுப்புரத்துல பஸ் ஏறினா முதலில் திண்டிவனம். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த மல்லாட்டை ரகங்கள்தான் டிஎம்வி 2, டிஎம்வி 7. 'டிஎம்வி'ன்னா திண்டிவனம்! அதே ரோட்டில் செங்கல்பட்டு தாண்டினால் காட்டுப்பாக்கம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கே உருவாக்கிய பன்றி 'கேபிஎம் கோல்டு': 75% வெண்பன்றி, 25% நாட்டுப்பன்றி. வெண்பன்றி வேகமாக வளரும். நாட்டுப்பன்றி நம்ம வெயிலைத் தாங்கும். சாக்கடை ஓரத்தில் பார்த்து நாம் முகம் சுளிக்கும் நாட்டுப்பன்றிக்கும் அதில் கால் பங்கு இருக்கிறது. எடையை மட்டும் அளந்தால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பா முப்பது வருஷம் அடிபட்டுக் கற்றது. இன்றைக்குக் கொஞ்சம் ரத்தமோ முடியோ இருந்தால் போதும், அந்த எழுத்தைப் பரிசோதித்துவிடலாம்.

சரி, அம்மா கதைக்கு வரேன். அன்னைக்கு ராத்திரியே மாமாவுக்கு போன் போட்டேன். "எங்க சித்தப்பா ஒருத்தர் ஆபரேஷன் டேபிள்லயே போயிட்டாருடா, எதனாலன்னு யாரும் கேக்கலை"ன்னார். காலையில் டாக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டு, மருந்தை மாற்றினார். அம்மா நல்லா இருக்காங்க.

நீங்களும் இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேட்டு வைங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!