சுவாச வைரசுகளின் மேற்பரப்புப் புரதங்கள்: கிண்ணியாவை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

2009 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, 'பாதை' என்று மக்கள் வழங்கிய மிதவைப் படகே கிண்ணியாவைத் திருகோணமலை நகருடன் இணைத்தது. கரைசேரத் துறை வேண்டும். துறையில்லாப் படகு பயனற்றது. சுவாச வைரசுகளின் இயல்பும் இத்தகையதே என்பதை அறிவியல் உலகம் படிப்படியாகவே உணர்ந்தது.

1918-19 இல் உலகைச் சூறையாடிய இன்புளுவென்சா இலங்கையையும் இரு அலைகளாகத் தாக்கிப் பல்லாயிரவரைப் பலிகொண்டது. நோய்க்காரணி யாதென அன்று எவரும் அறியார். மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா வைரசு 1933 இல் இலண்டனில் இனங்காணப்பட்டது. 1941 இல் அமெரிக்கரான சோர்ச் ஹேர்ஸ்ற், அவ்வைரசு கோழியின் செங்குருதிக் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டச்செய்வதைக் கண்டார். இதற்குக் காரணம் வைரசின் மேற்பரப்பிலுள்ள புரதமொன்றாகும். அது கலத்தின் மேலுள்ள சயலிக் அமிலத்தைப் பற்றிக்கொள்கிறது. கலம் வைரசை உள்வாங்கியபின், அங்குள்ள அமிலத்தன்மையால் உருமாறி, வைரசின் உறையைக் கலமென்சவ்வுடன் இணைக்கிறது. நியூராமினிடேசு என்னும் மற்றொரு புரதமோ, புதிய வைரசுகள் கலத்தைவிட்டு விடுபட உதவுகிறது. முதற்புரதத்தின் முப்பரிமாண அமைப்பு 1981 இல் வெளியாயிற்று. கொவிட்-19 வைரசின் முட்புரதம் ஏசிஇ-2 என்னும் வாங்கியைப் பற்றுகிறது என்பது 2020 இன் தொடக்கத்திலேயே தெளிவாயிற்று.

இவ்வறிவு ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று. 2020 ஏப்ரல் 11 ஆந் திகதிய வர்த்தமானி, கொவிட்டால் இறந்தோரின் உடல்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடிநீர் மாசுறும் என்பது கூறப்பட்ட காரணம். முசுலிம்கள் பெருந்தொகையாக வாழும் கிண்ணியா போன்ற ஊர்களுக்கு, இறந்தோரை நல்லடக்கம் செய்தல் மார்க்கக் கடமையாகும். வைரசோ, தனக்குரிய வாங்கியைக் கொண்ட உயிர்க்கலத்தினுள் மட்டுமே பெருகவல்லது. மண்ணிலோ நீரிலோ அது பெருகாது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம், தகனம் இரண்டையுமே ஏற்றிருந்தது. எனினும் 2021 பெப்ரவரியிலேயே அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச்சு 5 ஆந் திகதி, மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் முதல் அடக்கங்கள் நிகழ்ந்தன. 2024 சூலையில் அரசு மன்னிப்புக் கோரியது.

1918 இல் அறியாமை மக்களை வருத்தியது. அதனை எவரும் குற்றஞ்சொல்லவியலாது. 2020 இல் அறிவு கைவசம் இருந்தது, கேட்போர்தாம் இல்லை. முன்னதினும் பின்னதே வரலாற்று மாணவன் ஆழ்ந்து ஆராயத்தக்கது.