ஒரு மதகு உடைந்தால்

கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறவர்கள் அணையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் தென்பெண்ணையின் குறுக்கே எழுந்த அணை அது. 2017 நவம்பர் 29-ஆம் தேதி அதன் எட்டு ஷட்டர்களில் ஒன்று உடைந்தது. தேக்கி வைத்த தண்ணீர் பெருமளவு ஆற்றோடு போயிற்று. மற்ற ஏழும் உறுதியாகத்தான் நின்றன, என்ன பயன்? வெளியேறத் துடிக்கும் தண்ணீருக்கு ஒரு வழி போதாதா?

ஓசூரில் நண்பர் வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய மகன் சிரித்தான்.

"என் உத்தியோகமே அந்த ஏழு ஷட்டர்களைப் பற்றியதுதான், மாமா" என்றான்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பகுதியில் அவனுக்கு வேலை. 1970-களில் சிப்காட் வந்த பிறகு, லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்து பெயர் வாங்கிய ஊர் அல்லவா? அங்கே இயந்திரங்களின் வரைபடம், வந்த ஆர்டர், ஆயிரம் பேருடைய சம்பளக் கணக்கு எல்லாம் இன்று காகிதத்தில் இல்லை. குளிரூட்டிய அறையில் ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் வரிசையாக டிஸ்க்குகள். அந்த அலமாரிக்குக் காவல்காரன் இந்தப் பிள்ளை.

டிஸ்க் என்பது காந்தப் பூச்சுக் கொண்ட தட்டு. அதன் வரலாறும் நம் அணையின் வயதை ஒட்டியதுதான். 1956-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதில் இரண்டடி அகலமுள்ள 50 தட்டுகள் ஒரே தண்டில் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து பிடித்தது 50 லட்சம் எழுத்துகள். எடையோ ஒரு டன்னுக்கு மேல்! அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் 'பெரிய தட்டே சிறந்த தட்டு' என்ற எண்ணம் நிலவியது.

1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலையுயர்ந்த பெரிய தட்டு ஒன்றுக்குப் பதிலாக, சொந்தக் கம்ப்யூட்டர்களுக்கான மலிவான சிறு தட்டுகள் பலவற்றைச் சேர்த்து வைத்தால் என்ன என்பது அவர்கள் கேள்வி. வேகம் கிடைக்கும், செலவும் குறையும். ஆனால் ஆபத்தை அவர்களே கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வையுங்கள். 100 தட்டுகளைச் சேர்த்தால், அவற்றில் ஏதாவது ஒன்று 300 மணி நேரத்துக்கு ஒரு முறை, அதாவது இரண்டு வாரத்துக்குள், கெட்டுப்போகும். கூட்டுக் குடும்பம் பெரிதாக ஆக, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்துகொண்டே இருப்பது போல!

அதற்கு மருந்தும் சொன்னார்கள். மூன்று தட்டுகளில் 7, 4, 9 என்ற எண்கள் இருக்கின்றன. நான்காவது தட்டில் அவற்றின் கூட்டுத்தொகை 20-ஐ எழுதி வைக்கிறோம். 4 இருந்த தட்டு செத்துவிட்டது, பாதகமில்லை. இருபதிலிருந்து ஏழையும் ஒன்பதையும் கழித்தால் இறந்தவன் திரும்பி வந்துவிடுவான். இயந்திரம் கூட்டும் முறை சற்று வேறு, தத்துவம் இதுவே. இந்த யோசனையின் வித்துக்கு ஐ.பி.எம்.மைச் சேர்ந்த நார்மன் கென் ஔச்சி 1978-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். பெர்க்கிலி மூவர் அதை முறைப்படுத்தி 'ரெய்ட்' என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரில் முதலில் 'மலிவான' என்ற சொல் இருந்தது. பின்னால் அது 'தனித்தனியான' என்று மாறிவிட்டது. மலிவு என்று சொல்லி விலை உயர்ந்த பெட்டியை விற்க யாருக்கு மனம் வரும்?

தட்டுகள் சாவதை ஏற்றுக்கொண்டாயிற்று. அடுத்தது பங்கீடு. ஆரம்பத்தில் கணக்குப் பிரிவுக்கு ஒரு தட்டு, பண்டகசாலைக்கு ஒரு தட்டு என்று கொடுத்தார்கள். ஒன்று வழியும்; மற்றொன்று காலியாகக் கிடக்கும். ஒரு வயலில் வெள்ளம், பக்கத்து வயலில் வெடிப்பு. எனவே எல்லாத் தட்டுகளின் இடத்தையும் ஒன்றாகத் தேக்கினார்கள். அதற்குப் 'பூல்' என்று பெயர். அதிலிருந்து வேண்டிய அளவுக்குப் பிரித்துக் கொடுக்கும் பங்குக்கு 'வால்யூம்' என்று பெயர். பூல் என்பது ஏரி. வால்யூம் என்பது ஒவ்வொரு மதகுக்கும் உரிய பாசனம். தன் எழுத்து எந்தத் தட்டில் கிடக்கிறது என்று கணக்கப்பிள்ளைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

2000-க்குப் பிறகு இன்னொரு தந்திரம் பரவியது. ஐந்து பேருக்குப் பத்துப் பத்துப் பங்கு என்று வாக்குக் கொடுப்பது. ஏரியில் இருப்பதோ முப்பதுதான். எல்லாரும் ஒரே நாளில் முழுப் பங்கையும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. சிக்கனம்தான். ஆனால் ஏரியின் கொள்ளளவு தீர்ந்த கணத்தில் ஒருவன் மட்டும் தவிப்பதில்லை. ஐந்து பேருக்கும் எழுத்து நின்றுபோகும். நண்பர் மகனுக்கு ஓர் இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நிரம்பிவிட்டது. யாரோ பழைய படங்களையெல்லாம் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். அவன் மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய், வேண்டாதவற்றை ஒதுக்கி, புதுத் தட்டுகளைச் சேர்த்து முடிக்கும்போது விடிந்துவிட்டதாம். காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் ஒன்றும் அறியாமல் வேலையைத் தொடங்கினார்கள்.

"அப்படியானால் இனிப் பயமில்லையே?" என்று கேட்டேன்.

"கெலவரப்பள்ளியைப் பாருங்கள், மாமா" என்றான்.

ஓசூருக்கு அருகே அதே தென்பெண்ணையில் உள்ள அணை அது. பெங்களூர்ப் பக்கத்துக் கழிவு கலந்து வந்து, வெள்ளம் வரும் நாட்களில் அங்கே நுரை மலைபோல் பொங்குவதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். மேலே கலந்ததை அணை திருத்தாது; சேர்த்துத்தான் வைக்கும். தட்டு வரிசையும் அப்படியே. ஒருவர் தவறுதலாக ஒரு கணக்கை அழித்தால், அந்த அழிவையும் அது விசுவாசமாகக் காப்பாற்றும். தட்டு செத்தால் மீட்கத் தெரியும். அறையே எரிந்தால் தெரியாது.

2025 செப்டம்பர் 26-ல் தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தகவல் மையம் ஒன்றில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி டிரைவ்' சேமிப்பு, 858 டெராபைட் அளவுள்ளது, சாம்பலாயிற்று. அளவு பெரிது என்பதால் வேறிடத்தில் நகல் வைக்கவில்லை என்றார்கள். நகலெடுக்க முடியாத அளவுக்குப் பெரிய சேமிப்பு என்றால், அதை இழக்கும் தைரியமும் நமக்கு இருக்க வேண்டும் அல்லவா?

நம் ஊர் ஏரிகளில் நீர்க்கட்டி என்று ஒருவன் இருப்பான். மதகைத் திறப்பதும் மூடுவதும், முறை வைத்துப் பாய்ச்சுவதும் அவன் பொறுப்பு. வயலுக்குத் தண்ணீர் வரும்போது அவனை யாரும் நினைப்பதில்லை. வராத அன்று ஊரே தேடும். புறப்படும்போது நண்பர் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, ஏரியின் மட்டம் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான்.