வைஃபை பாலம் பிறந்த கதை

2001 நவம்பர் 15 அன்று அமெரிக்கக் கடைகளுக்கு வந்த மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கன்சோலின் பின்பக்கத்தில் ஈதர்நெட் கேபிள் செருகுவதற்கு ஒரு போர்ட் இருந்தது. அன்றைக்கு இணையம் இருந்த அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவை தொலைபேசிக் கம்பி வழியே டயல்-அப்பில்தான் இணையத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. செகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கன்சோல் அதற்கென்றே மோடத்தோடு வந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் மோடம் வைக்கவில்லை. வரப்போவது பிராட்பேண்ட்தான், அதற்கு மட்டும் வழி வைப்போம் என்று ஜே அலார்ட் முதலான எக்ஸ்பாக்ஸ் குழுவினர் உறுதியாக நின்றார்கள். சரியாக ஓராண்டு கழித்து, இணையம் வழியே ஆடுவதற்கான எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவை தொடங்கியபோது அந்த உறுதி வீண்போகவில்லை என்பது தெரிந்தது.

சிக்கல் வீட்டுக்குள் இருந்தது. பிராட்பேண்ட் மோடம் கணினி மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். கன்சோல் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும். நடுவில் ஹால், மாடிப்படி, இரண்டு மூன்று கதவுகள். வாடகைக்கு இருப்பவர் சுவரில் துளை போட முடியாது. சொந்த வீட்டுக்காரர்கூடத் தரையோரமாக நீளக் கேபிளை இழுத்துவிட்டு, யார் காலில் சிக்குமோ என்று பார்த்துக்கொண்டே ஆட வேண்டும். அந்தக் கேபிளை ஒழிக்கப் பிறந்ததுதான் வைஃபை பாலம். கன்சோல்காரர்கள் அதைப் பிரிட்ஜ் என்பார்கள், கேம் அடாப்டர் என்றும் சொல்வார்கள்.

வைஃபை அப்போது புதிது. 11 மெகாபிட் வேகம் தந்த 802.11பி தரம் 1999-இல் வந்தது. 54 மெகாபிட் தந்த 802.11ஜி 2003 ஜூனில் முறைப்படி ஏற்கப்பட்டது. அலுவலகத்தில் ஈதர்நெட் போர்ட் மட்டுமே உள்ள பிரிண்டர் போன்ற சாதனங்களைக் கம்பியில்லாமல் இணைக்க லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஈடி11 என்றொரு பெட்டியை விற்றுக்கொண்டிருந்தது. எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தவர்கள் அதை வாங்கி டிவிக்குக் கீழே வைத்தார்கள். பெட்டி வைஃபையைப் பிடிக்கும். சின்ன கேபிள் ஒன்று கன்சோலுக்குப் போகும். கன்சோலைப் பொறுத்தவரை தன்னோடு கேபிள் பேசுகிறது, அவ்வளவுதான். நடுவில் காற்று இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

கேட்க எளிதாக இருந்தாலும் இதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வொரு வலையமைப்புச் சாதனத்துக்கும் மேக் முகவரி என்ற அடையாள எண் உண்டு. வைஃபை ரவுட்டர் தன்னிடம் பதிவு செய்துகொண்ட முகவரியோடு மட்டுமே பேசும். பதிவு செய்துகொண்டது பாலம். ஆனால் தகவல் அனுப்புவதோ அதன் பின்னால் இருக்கும் கன்சோல். கன்சோலின் முகவரியை ரவுட்டர் கண்டுகொள்ளாது. ஆகவே பாலம் கன்சோலின் மேக் முகவரியைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டு ரவுட்டரிடம் போய் நிற்கும். ஆரம்பகால கேம் அடாப்டர்கள் பல ஒரே ஒரு சாதனத்துக்கு மட்டும் வேலை செய்ததற்கு இதுவே காரணம். இரண்டு கன்சோல் வைத்திருந்தவர்கள் இந்த இடத்தில்தான் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

2003-இல் லிங்க்சிஸ் கேம் அடாப்டர் என்ற பெயரிலேயே பெட்டிகளை விற்கத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட்டும் எம்என்-740 என்ற தன் பாலத்தோடு வந்தது. எல்லாம் நல்ல பொருள்கள்தான், விலையைத் தவிர. ஒரு கன்சோலை ஒரு ரவுட்டரோடு சேர்த்துவைப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாத ஒரு பெட்டிக்குப் புது ரவுட்டரின் விலையையோ அதற்கு மேலேயோ கேட்டார்கள்.

மலிவான வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. 2002 இறுதியில் லிங்க்சிஸ் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரவுட்டர், இரண்டு ஆன்டெனாக்களோடு, வீட்டுக்கு வீடு பரவியது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை 2003-இல் நிரலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதைப் பொருளுக்குள் வைத்து விற்பவர், வாங்கியவர் கேட்டால் மூல நிரலைக் கொடுத்தாக வேண்டும். லிங்க்சிஸ் கொடுத்திருக்கவில்லை. கேள்விகள் வலுத்தன. அதே ஆண்டுதான் லிங்க்சிஸை சிஸ்கோ வாங்கியிருந்தது. முடிவில் மூல நிரல் வெளியே வந்தது.

ஒரு வீட்டு ரவுட்டரை அதன் சொந்தக்காரரே திறந்து மாற்றி எழுதலாம் என்ற நிலை அப்படித்தான் உண்டாயிற்று. 2004 தொடக்கத்தில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் பிறந்தது. 2005-இல் டிடி-டபிள்யூஆர்டி வந்தது. இரண்டாவதின் அமைப்புப் பக்கத்தில் ஒரு தேர்வு இருந்தது: கிளையண்ட் பிரிட்ஜ். அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும், வைஃபையைப் பரப்பிக்கொண்டிருந்த ரவுட்டர் வேறொரு ரவுட்டரின் வைஃபையைப் பிடித்துத் தன் பின்பக்க போர்ட்டுகளுக்கு அனுப்பும் பாலமாகிவிடும். அந்தப் போர்ட்டுகள் நான்கு. ஒன்றில் எக்ஸ்பாக்ஸ், இன்னொன்றில் பிளேஸ்டேஷன் 2. கேம் அடாப்டரை வாங்கச் சொன்ன நிறுவனத்தின் ரவுட்டரே, ஊர் கூடி எழுதிய நிரலால், கேம் அடாப்டர் வேலையை அதைவிட நன்றாகச் செய்தது.

இதை லிங்க்சிஸ் ரசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு விதமாகவும் நடந்துகொண்டது. 2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நினைவகத்தைப் பாதியாகக் குறைத்து, லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போட்டது. கூடவே, பழைய லினக்ஸ் வடிவத்தை டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் தனியாக விற்கவும் செய்தது. அந்த இரண்டாவது முடிவுக்காக அந்த நிறுவனத்தை மனதாரப் பாராட்டுகிறேன். அந்த மாடல் அதன்பின் பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தது.

இந்த நிலையில்தான் 2005 நவம்பர் 22 அன்று எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது. அதிலும் ஈதர்நெட் போர்ட்தான், வைஃபை இல்லை. வைஃபை வேண்டுமானால் பின்னால் மாட்டிக்கொள்ளும் அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டும், 99 டாலர். கன்சோலின் மலிவு வடிவமான கோர் 299 டாலர். அதாவது கேபிளை ஒழிக்க மட்டும் கன்சோல் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அடுத்த ஆண்டு நின்டெண்டோவின் வீ 249 டாலருக்கு வைஃபையை உள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் 3-இல் 60 ஜிபி மாடலுக்கு வைஃபை உண்டு, 20 ஜிபி மாடலுக்குக் கிடையாது. வசதி குறைந்தவர் வாங்கும் மாடலில் வைஃபையை வெட்டுவது எனக்கு அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை.

மைக்ரோசாஃப்டின் அடாப்டர் யுஎஸ்பியில் செருகுவது. அப்படியானால் கணினிக்கு விற்கும் மலிவான யுஎஸ்பி வைஃபை குச்சியைச் செருகினால் என்ன என்று எல்லோருமே யோசித்தார்கள். நடக்காது. ஒவ்வொரு வைஃபை சிப்புக்கும் ஒரு டிரைவர் நிரல் வேண்டும். கன்சோலுக்குள் இருந்தது மைக்ரோசாஃப்டின் அடாப்டருக்கான டிரைவர். வேறு டிரைவரை நாம் நிறுவ வழியில்லை. ஈதர்நெட் போர்ட்டை அப்படிப் பூட்ட முடியாது. அது எல்லோருக்கும் பொதுவான தரம். எந்தக் கம்பெனிப் பெட்டியைச் செருகினாலும் பேசும். மலிவான வழி அந்த ஓட்டை வழியாகவே உள்ளே போயிற்று.

காசே செலவழிக்க விரும்பாதவர்கள் மடிக்கணினியை நம்பினார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் இணைய இணைப்பைப் பகிரும் வசதி இருந்தது. மடிக்கணினி வைஃபையில் இணையும்; அதன் ஈதர்நெட் போர்ட்டிலிருந்து கேபிள் கன்சோலுக்குப் போகும். வேலை செய்யும், ஆனால் அரைகுறையாக. ரவுட்டர் ஒருமுறை ஐபி முகவரியை மாற்றும், மடிக்கணினி இன்னொருமுறை மாற்றும். இரட்டை நேட் என்று இதைச் சொல்வார்கள். எக்ஸ்பாக்ஸ் லைவ் சோதனைத் திரையில் நேட் வகை ஸ்ட்ரிக்ட் என்று வந்து நிற்கும். நண்பரின் குரல் கேட்காது. நாம் தொடங்கும் ஆட்டத்தில் பிறரால் சேர முடியாது. ரவுட்டரைப் பாலமாக மாற்றியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பாலம் ஐபி முகவரியை மாற்றுவதில்லை. கன்சோலுக்கு ஐபி முகவரி தருவது முதன்மை ரவுட்டர் மட்டுமே.

வேகத்தைப் பற்றிய கவலையும் தேவைக்கு மேல் இருந்தது. ஆன்லைன் ஆட்டம் அனுப்பும் தகவல் சொற்பம். அது தாமதமில்லாமல் போய்ச்சேர வேண்டும், அதுதான் முக்கியம். பக்கத்து அறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கலங்கி ஆட்டம் திக்கும். 54 மெகாபிட் 300 ஆனாலும் அந்தத் திக்கல் தீராது. பாலத்தை டிவி அலமாரியின் மூடிய அறைக்குள் வைக்காமல் மேலே தூக்கி வைப்பது அதிகம் உதவும்.

2010 ஜூனில் மெலிந்த வடிவில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 எஸ் மாடலில் வைஃபை உள்ளேயே வந்துவிட்டது. 99 டாலர் அடாப்டருக்குத் தேவை அத்தோடு குறைந்தது. பாலம் மட்டும் சாகவில்லை. இன்றைக்குக் குறைந்த விலையில் கிடைக்கும் டிபி-லிங்க் நிறுவனத்தின் சின்ன ரவுட்டர்கள் சிலவற்றில் கிளையண்ட் மோடு என்று அதே வேலை தயாராக இருக்கிறது, எந்த நிரலும் மாற்ற வேண்டாம்.

பழைய எக்ஸ்பாக்ஸ் 360-ஐயோ அதற்கும் முந்திய கன்சோலையோ வைத்திருப்பவர்கள் தனி அடாப்டரைத் தேடிக் காசை விட வேண்டாம். வீட்டுப் பரணில் கிடக்கும் ரவுட்டரை எடைக்குப் போடும் முன், அதன் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் பதிப்பு எண்ணையும் பாருங்கள். பதிப்பு எண் முக்கியம். ஒரே பெயரில் வந்த இரண்டு பதிப்புகளில் ஒன்று ஏற்கும், மற்றொன்று ஏற்காது. டிடி-டபிள்யூஆர்டியோ ஓப்பன்டபிள்யூஆர்டியோ ஏற்கும் பட்டியலில் அந்த எண் இருந்தால், உங்கள் பாலம் ஏற்கெனவே உங்களிடமே இருக்கிறது.